இடது பக்கம் பாடவில்லை

நான் கடையில் விற்ற எத்தனையோ பொருள்களில் என் நிம்மதியைக் கெடுத்தது ஒரே ஒரு ஹெட்போன்தான். அது ரிப்பேர் ஆகியிருந்தால் வந்த வழியே திருப்பி அனுப்பியிருப்பேன். அது ஒழுங்காகப் பாடியதுதான் வினை.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் எனக்கு ஒரு பேன்சி ஸ்டோர் இருக்கிறது. வளையல், பொட்டு, கிளிப், சார்ஜர், போன் கவர் எல்லாம் கிடைக்கும். போன வருடம் மதுரை மொத்தக் கடைக்காரர் ஒரு பெட்டி ஹெட்போனை என் தலையில் கட்டினார். கேசட் காலத்து மாடல். மெல்லிசாக ஒரு ஸ்டீல் பட்டை, இரண்டு முனையிலும் வட்டமாக ஆரஞ்சு நிற ஸ்பாஞ்சு, தொங்குகிற ஒயர். இதை எவர் வாங்குவார் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் பஸ்ஸில் ஏற்றினேன். ஒரே வாரத்தில் பாதிப் பெட்டி காலி. காலேஜ் பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போனார்கள். பாட்டுக் கேட்பதற்கு இல்லை, கழுத்தில் தொங்கவிட்டு ரீல்ஸ் எடுப்பதற்கு.

நிஜமாகவே பாட்டுக் கேட்கிறவர்கள் வந்தால் நான் உள்ளதைச் சொல்லித்தான் விற்பேன். எண்ணெய் வைத்து வழித்து வாரிய தலையில் அந்தப் பட்டை நிற்காது, பின்பக்கமாக வழுக்கும். மாட்டல் போட்டிருந்தால் ஸ்பாஞ்சு அதில் சிக்கிப் பிய்யும். தோட்டின் திருகாணி காதுக்குப் பின்னால் அழுந்தும். ஒரு மணி நேரம் போட்டால் காது மடல் சிவந்துவிடும். சத்தத்தைப் பொறுத்தவரை, பாடுகிற குரல் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதுபோல் தெளிவாக வரும். மேளத்தின் கனம் மட்டும் வராது. தவில் அடி தகர டப்பாவில் தட்டினாற்போல் கேட்கும். ஸ்பாஞ்சு ஆனதால் வெளிச் சத்தமும் உள்ளே வரும், உள்ளே பாடுவதும் வெளியே ஒழுகும். அதையே நான் ஒரு நல்ல குணமாகச் சொல்லி விற்பேன். 'போட்டிருந்தாலும் அம்மா கூப்பிடுறது கேக்கும், ரோட்டுல வண்டி வாரது கேக்கும்' என்பேன்.

கடையை விட்டு ஒரு ஹெட்போன் வெளியே போகும் முன் நான் அதைப் போட்டுப் பார்த்துவிடுவேன். அதற்கென்று என் போனில் ஒரு பதிவு உண்டு. என் தங்கை கல்யாணத்தில் மேடைக்கு எதிரே நின்று நானே பதிந்த மேளம். தவில்காரர் என் இடது கைப் பக்கம் உட்கார்ந்திருந்தார், நாதஸ்வரக்காரர் வலது கைப் பக்கம். ஹெட்போனில் போட்டால் இடது காதில் தவில் எடுப்பாக வரும், வலது காதில் நாதஸ்வரம் எடுப்பாக வரும். ஒரு பக்கம் செத்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

என் வீட்டுக்காரர் அப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். திருச்சுழிக்கு அந்தப் பக்கம் உள்ள கிராமங்களில் இருந்து காலையில் பிள்ளைகளை ஏற்றி வந்து அருப்புக்கோட்டையில் விடுவார். சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுவார். நடுப்பகலில் என் கடையில் சாப்பிட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். வேனுக்கு வருவதற்கு முன் பத்து வருடம் விசைத்தறி ஓட்டியவர். தறி ஓட்டியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அந்தச் சத்தத்துக்குள் எதிரே நிற்கிறவர் வாயைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார்கள். இவரும் அப்படித்தான் ஆட்களின் வாயைப் பார்த்துப் பேசுவார். கல்யாணமான புதிதில் எனக்கு அது வெட்கமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

ஒரு நாள் மத்தியானம் பொழுது போகாமல் அவர் ஒரு ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார். நான் மேளப் பதிவைப் போட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் தலையை ஆட்டினார். பிறகு கழற்றி மேஜையில் வைத்தார்.

"இடது பக்கம் பாடல புள்ள. தவிலைக் காணம்."

காலையில் நான் சோதித்த பீஸ்தான். திரும்ப மாட்டிப் பார்த்தேன், பாடியது. ஒயர் ஆட்டமாக இருக்கும் என்று நினைத்து வேறொன்றைப் பிரித்துக் கொடுத்தேன். அதிலும் இடது பக்கம் பாடவில்லை என்றார். மூன்றாவதும் அப்படியே. "வசமா ஏமாத்திட்டான் ஒன்ன" என்று சிரித்தார். யாவாரத்தில் என்னை யாரும் ஏமாற்றியதாகப் பேசினால் எனக்குப் பொறுக்காது. விறுவிறு என்று வந்த கோபத்தில் அந்த மூன்றாவது ஹெட்போனை நானே அவர் தலையில் மாட்டினேன். அவசரத்தில் இடது பக்கத்தை வலது காதிலும் வலது பக்கத்தை இடது காதிலும் வைத்துவிட்டேன். அதில் போட்டிருந்த L, R எழுத்தைக் கவனிக்கவில்லை.

அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இதுல தவிலு நல்லா இருக்கு. நாதஸ்வரத்தக் காணம்."

நான் அவர் தலையைப் பார்த்தேன். அப்போதுதான் மாற்றி மாட்டியது தெரிந்தது. தவில் அவருடைய வலது காதில் இருந்தது.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். மேஜைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே அந்தத் தவில் தெளிவாகக் கேட்டது. போனை எடுத்துப் பார்த்தேன். சத்தத்தை அவர் கடைசிவரை ஏற்றி வைத்திருந்தார். சாதாரணக் காது உள்ளவர் என்றால் அந்தச் சத்தத்துக்கு ஹெட்போனைத் தூக்கி எறிந்திருப்பார். அவர் வெற்றிலை போட்ட மாதிரி சுகமாக உட்கார்ந்திருந்தார். அப்படியானால் வலது காதும் முழுதாக இல்லை.

மறுநாள் அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் போய் நின்றேன். ஒரு டஜன் கண்ணாடி வளையலைக் கொத்தாக எடுத்து அவர் இடது காதுக்கு ஒரு சாண் தூரத்தில் குலுக்கினேன். அவர் ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். இன்னும் வேகமாகக் குலுக்கினேன். தெருவில் போன ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார், இவர் பார்க்கவில்லை. வலது பக்கம் போய்க் குலுக்கினேன். "என்ன புள்ள, சாப்பிட விடமாட்டியா" என்றார்.

பதினெட்டு வருடமாக இவரிடம் நான் பேசிய பேச்செல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. வேனில் என்னை ஏற்றிக்கொண்டு போகும்போது நான் அவருக்கு இடது பக்கம்தான் உட்காருவேன், டிரைவர் சீட்டு வலது பக்கம் இருக்கிறது. கொஞ்ச காலமாக நான் எது சொன்னாலும் பதில் வருவதில்லை. மாமனார் வீட்டு ஆண்கள் எல்லோருமே பொண்டாட்டி பேச்சுக்குப் பதில் சொல்லாதவர்கள். அந்தத் திமிர் இவருக்கும் வந்துவிட்டது என்று நினைத்தேன். அதற்காக வாரக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். வேறு ஊரில், வேறு வீட்டில் என்றால் புருஷன் பதில் சொல்லவில்லையே, காதில் ஏதும் கோளாறோ என்று தோன்றியிருக்கும். எங்களுக்குத் தோன்றவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் அதற்குப் பிறகுதான் உறைத்தது. வேனில் பிள்ளைகள் ஏறி இறங்குகிற கதவு இடது பக்கம். ஏற்றி இறக்க ஒரு அக்கா கூடப் போவார். அவர் அந்தக் கதவில் நின்றுதான் 'ரைட்' என்பார், 'நில்லு' என்பார். அவர் சொல்வதெல்லாம் இவருடைய செத்த காதுப் பக்கம் விழுகிறது.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்து கேட்டேன்.

"ஒங்களுக்கு இடது காது கேக்கல. தெரியுமா, தெரியாதா?"

என் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் அழுக்கு அடைத்திருக்கும் என்றார். எண்ணெய் காய்ச்சி ஊற்றினால் சரியாகும் என்றார். பிறகு தட்டை நகர்த்தி வைத்தார்.

"தெரியும். ரெண்டு வருசமாச்சு."

"மதுரையில காட்டுவோம். கெளம்புங்க."

"காட்டுனா எழுதிக் குடுத்துருவாக. எழுதிட்டா லைசென்ஸு போச்சு. இந்த வேனுல இன்னைக்கு வரைக்கும் ஒரு பிள்ளைக்குச் சிராய்ப்பு உண்டா? கண்ணாடியப் பாத்துத்தான் ஓட்டுறேன். முழுப்பரீட்சை வரைக்கும் விடு. பொறவு நானே எறங்கிக்கிறேன்."

அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் கெஞ்சினார். தறி வேலை போன பிறகு வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவரை எழுப்பி உட்கார வைத்தது அந்த வேன்தான். கிராமத்தில் நுழைந்ததும் பிள்ளைகள் 'வேன் மாமா' என்று ஓடி வரும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் சரி என்றேன். யாரும் என்னை மிரட்டவில்லை, நானாகத்தான் சரி என்றேன்.

சொன்னதோடு விடவில்லை, என் கெட்டிக்காரத்தனத்தையும் காட்டினேன். வேன் அக்காவைக் கடைக்கு வரவழைத்து, "பிள்ளைக போடுற கூச்சல்ல ஒங்க குரலு அவுகளுக்கு எட்ட மாட்டேங்குது. இனிமே வாயால சொல்லாதீக, தகரத்துல தட்டுங்க. ஒரு தட்டுன்னா நிக்கணும், ரெண்டு தட்டுன்னா போகலாம்" என்றேன். பஸ் கண்டக்டர் விசிலுக்கு உள்ள கணக்குதான், இவருக்கும் அதையே சொல்லிக்கொடுத்திருந்தேன். தட்டினால் வண்டி அதிரும், அந்த அதிர்வு சீட்டில் தெரியும், காது தேவையில்லை. அந்த அக்கா சந்தேகப்படவே இல்லை. "நல்ல யோசனை மதினி" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு சாயங்காலம் நான்கு மணி ஆனால் எனக்கு யாவாரம் ஓடாது. பொட்டுக் கேட்டவருக்கு ஹேர்பின்னை எடுத்துக் கொடுப்பேன். போன் அடித்தால் பெயரைப் பார்க்காமலே எடுத்துவிடுவேன். அவர் திரும்பி வந்து வேனைக் கடை எதிரே நிறுத்தியதும் முதலில் சக்கரத்தைத்தான் பார்ப்பேன். எதைத் தேடினேன் என்று வாய்விட்டுச் சொல்லப் பயம்.

ஒரு நாள் ஹெட்போன் ஸ்பாஞ்சு ஒன்றைச் சுருட்டி இடது காதில் அடைத்துக்கொண்டு கடை வீதியில் நடந்து பார்த்தேன். அவருக்கு எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டியிருந்தது. முதலில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எல்லாம் கேட்டது. ஆனால் எது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியவில்லை. பின்னால் இருந்து யாரோ கூப்பிட்டார்கள், நான் டீக்கடைப் பக்கம் திரும்பினேன். பஜார் முனையில் ரோட்டைக் கடக்க அடி எடுத்து வைத்தேன். ஒரு லோடு ஆட்டோ என் இடது முழங்கையை உரசிக்கொண்டு போனது. அது வருகிற சத்தமே இல்லை. இருந்தாற்போல் இருந்து பக்கத்தில் இருந்தது. ஓட்டியவன் வாய்க்கு வந்தபடி திட்டினான். ஸ்பாஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கடைக்கு வந்து தண்ணீர் குடித்தேன். அன்றைக்காவது நான் பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணியிருக்க வேண்டும். பண்ணவில்லை. பரீட்சைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று காலண்டரைத்தான் பார்த்தேன்.

மாசி மாதக் கடைசியில் வேன் அக்கா குலசாமி கும்பிடப் போய்விட்டார். மாற்று ஆள் கிடைக்கவில்லை. வேறு யாரையும் அந்தக் கதவில் நிறுத்த எனக்குத் துணிச்சல் இல்லை. சாயங்கால நடைக்குக் கடையை அடைத்துவிட்டு நானே ஏறினேன். "நீ வாரது நல்லதாப் போச்சு" என்று அவர் சிரித்தார். எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. நான் இருக்கும்போது என்ன நடந்துவிடும் என்று நினைத்தேன்.

திருச்சுழி தாண்டியதும் ரோடு ஒடுங்கிவிடும். இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம், அதற்குப் பின்னால் வெடித்துக் கிடக்கிற கரிசல். எங்கோ கரி சுட மூட்டம் போட்டிருந்தார்கள். புகை ரோட்டுக்குக் குறுக்கே தாழ்வாகப் படுத்திருந்தது, பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். இஞ்சின் சத்தமும் அந்தக் கூச்சலும் சேர்ந்து நல்ல காது உள்ள எனக்கே தலை வலித்தது. முதல் இரண்டு ஊரில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, அவர்கள் ஓரமாகப் போன பிறகு, கதவுக்குப் பக்கத்துத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினேன். வண்டி நகர்ந்தது. ஒரு தட்டு, நின்றது. எவ்வளவு ஒழுங்கான ஏற்பாடு என்று எனக்கே பெருமையாக இருந்தது.

மூன்றாவது ஊரில் ஒரே ஒரு பிள்ளை இறங்க வேண்டும். ஒன்றாம் வகுப்புப் படிக்கிற பெண் குழந்தை. அவளைத் தூக்கி இறக்கிவிட்டு, பையை மாட்டிவிட்டேன். அவள் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் நழுவி விழுந்து வண்டிக்கு அடியில் உருண்டது. நான் உள்ளே திரும்பி அவளுடைய சாப்பாட்டுக் கூடையைத் தேடிக்கொண்டிருந்தேன். கூடையோடு திரும்பியபோது அவளைக் காணவில்லை. குனிந்து பார்த்தேன். பின் சக்கரத்துக்கு முன்னால், வண்டிக்கு அடியில், குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. நான் எதுவும் செய்யாமல் இருந்திருந்தால் அது நகர்ந்திருக்காது. எதிரே ஒரு தண்ணி டிராக்டர் வந்து அவருடைய வலது காதை அடைக்கிற இரைச்சலோடு ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. அது போனதும் எடுத்துவிடுவாரோ என்று பதறிவிட்டேன். "நில்லுங்க! எடுக்காதீக! பிள்ளை உள்ள இருக்கு!" என்று கத்தினேன். கத்திக்கொண்டே, என் கை தானாக, தகரத்தைப் படபடவென்று அடித்தது.

அவருக்கு என் குரல் போகவில்லை. தட்டு மட்டும் போனது. ஒன்றுக்கு மேல் தட்டினால் போகலாம் என்று நான்தான் கற்றுக்கொடுத்திருந்தேன். வண்டி நகர்ந்தது.

நான் எப்படிக் குதித்தேன் என்று தெரியாது. பிள்ளையின் பை வார் கையில் அகப்பட்டது, அதைப் பிடித்து இழுத்தேன். அவள் என் மேல் வந்து விழுந்தாள். சக்கரம் பாட்டில் மேல் ஏறியது, அது வெடித்துத் தண்ணீர் என் முகத்தில் அடித்தது. அதற்குள் உள்ளே இருந்த பிள்ளைகள் எழுந்து நின்று அலறியதைக் கண்ணாடியில் பார்த்து அவர் பிரேக் போட்டார்.

பிள்ளையைத் தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்த்தேன். முழங்காலில் மண்ணைத் தவிர ஒன்றும் இல்லை. அவள் பாட்டில் போய்விட்டதே என்று அழ ஆரம்பித்தாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அவர் இஞ்சினை அணைக்காமலே இறங்கிச் சுற்றி வந்தார். சக்கரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"நீதான ரெண்டு தட்டுத் தட்டுன?"

"நான் கத்துனேங்க."

"எப்பக் கத்துன?"

வேனுக்குள் இருந்த பிள்ளைகள் எல்லோரும் ஜன்னல் வழியாக அவரையே பார்த்தார்கள். அந்தத் தெருமுனையில் பீடி பிடித்துக்கொண்டிருந்த பெரியவர்கூட என் சத்தத்துக்கு எழுந்து நின்றிருந்தார். இவர் ஒருவர்தான் கேட்கவில்லை. என் தொண்டை கிழிந்து போயிருந்தது. எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. என் கையைப் பார்த்தால்தான் வெட்டிப் போட வேண்டும் போல இருந்தது.

அதற்குள் பிள்ளையின் அம்மா குடத்தோடு வந்துவிட்டார். அவர் எதையும் பார்த்திருக்கவில்லை. நசுங்கிய பாட்டிலைப் பார்த்துவிட்டு, "புதுப் பாட்டிலு, அதுக்குள்ள ஒடச்சிட்டியா" என்று பிள்ளை முதுகில் செல்லமாக ஒன்று வைத்தார். பிறகு என் வீட்டுக்காரருக்கு எதிரே வந்து நின்றார்.

"நாளைக்குப் பரீட்சைண்ணே. கொஞ்சம் வெள்ளனே வந்துருங்க. ஒங்க வண்டின்னாத்தான் எனக்கு நிம்மதி."

நான் எழுந்தேன். அவருக்கு இடது பக்கம், தோளை ஒட்டி நின்றேன். இதற்கு மேல் ஒரு நாள்கூட என்னால் முடியாது என்று தெரிந்துவிட்டது.

"நாளைக்கு இவுக வர மாட்டாக. இவுகளுக்குக் காது கேக்காது. ஒம் பிள்ளை இப்ப வண்டிக்கு அடியில இருந்துச்சு. நான் கத்துனது இவுகளுக்குக் கேக்கல" என்றேன்.

அந்தப் பெண்ணின் இடுப்பிலிருந்து குடம் சரிந்தது. என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக அவரைப் பார்த்தார்.

என் வீட்டுக்காரர் அந்தப் பெண்ணின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்துத் தலையை ஆட்டினார்.

"சரித்தா. ஏழு மணிக்கெல்லாம் வாரேன்."